கடையின் பெயருக்கும் எல்லைக்கல் வேண்டும்

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம். பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்யும் எங்களுக்கு அது கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கும் காலம். வெளியூர்க் கடைக்காரர்கள் பழைய பாக்கியைத் தருவார்கள். நாங்களும் ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அனுப்புவோம். அப்படியான ஒரு காலையில் கண்டிப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இருபது வருடங்களாக எங்களிடம் பூட்டும் பிணைச்சலும் வாங்குபவர்.

"நானா, காசு வந்து சேர்ந்ததா?"

"எந்தக் காசு தம்பி?"

"ஆறு இலட்சத்து நாற்பதாயிரம். நீங்க மெயில்ல அனுப்பின புது எக்கவுண்டுக்கு முந்தாநாளே போட்டுட்டேனே."

நாங்கள் புதிதாக எந்தக் கணக்கும் திறக்கவில்லை. அப்படியொரு மின்னஞ்சலை அனுப்பவும் இல்லை.

அவர் அந்த மின்னஞ்சலை எனக்கு அனுப்பி வைத்தார். திறந்து பார்த்தால் எங்கள் கடையின் லெட்டர்ஹெட். பெயர்ப்பலகையில் உள்ள அதே பூட்டுப் படம். கீழே எங்கள் கணக்காளரின் பெயர். "வங்கிக் கணக்கை மாற்றியுள்ளோம், இனிமேல் இந்த இலக்கத்துக்கு வைப்பிலிடவும்" என்று இரண்டு வரி. அனுப்பியவர் முகவரியும் எங்கள் பெயரில்தான் முடிந்திருந்தது. கடையின் உண்மைப் பெயரை விளம்பரம் போல இங்கே எழுத விரும்பவில்லை. எங்கள் இணைய முகவரி 'கடை.கொம்.எல்கே' என்றே வைத்துக்கொள்வோம். வந்த மின்னஞ்சல் 'பில்.கடை.கொம்.எல்கே' என்ற முகவரியிலிருந்து வந்திருந்தது. அந்த 'பில்' என்ற கிளையை நாங்கள் ஒருநாளும் உருவாக்கியதில்லை. உலகில் இல்லாத ஒரு முகவரி அது.

"உங்க பேரைப் பார்த்துத்தானே நானா போட்டேன்" என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வங்கிக்கு ஓடினோம். பொலிஸில் முறைப்பாடு செய்தோம். பணம் போன கணக்கில் அதற்குள் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அதன் பிறகு இந்த விடயத்தைப் படிக்கத் தொடங்கினேன். நான் பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்தவன். கணினி எனக்குத் தொழில் அல்ல. தங்கையின் மகன் அந்தத் துறையில் இருப்பதால் அவரை வைத்துக் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். முடிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். மின்னஞ்சலில் ஒரு வியாபாரியின் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லையை இவ்வளவு காலமும் யாரோ நமக்காகக் கணித்துக்கொண்டிருந்தார்கள். இனி அதை நாமே நட்டு வைக்க வேண்டும்.

தபால் உறையும் உள்ளே உள்ள கடிதமும்

மின்னஞ்சல் நாம் நினைப்பதைவிடப் பழைய தபாலைப் போன்றது. அதற்கு ஒரு உறை உண்டு, உள்ளே ஒரு கடிதம் உண்டு. உறையில் அனுப்பியவர் முகவரி ஒன்று இருக்கும். கடிதத்தின் தலைப்பில் இன்னொரு முகவரி இருக்கும். நம் கண்ணுக்குத் தெரிவது கடிதத் தலைப்பு மட்டுமே. உறையைச் சேர்வர்கள்தான் பார்க்கின்றன. உறையில் ஒரு பெயரையும் தலைப்பில் வேறு பெயரையும் எழுதி அனுப்புவதை ஆரம்பகால மின்னஞ்சலில் எவரும் தடுக்கவில்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் வந்தன. ஒன்று எஸ்.பி.எஃப். இன்னின்ன சேர்வர்கள் மட்டுமே என் பெயரில் அனுப்பலாம் என்று டி.என்.எஸ். என்னும் உலகப் பெயர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது. மற்றது டிகிம். கடிதத்தில் குத்தப்படும் முத்திரை. வழியில் எவராவது கடிதத்தை மாற்றினால் முத்திரை பொருந்தாது.

எங்களுக்கு இணையத்தளம் செய்து தந்தவர் "பாதுகாப்பு எல்லாம் போட்டாச்சு ஹாஜியார்" என்று சொல்லியிருந்தார். அவர் போட்டது எஸ்.பி.எஃப். மட்டும். அது உறையைத்தான் பார்க்கும். கள்வன் உறையில் தன் சொந்தப் பெயரை எழுதி, தன் சொந்தச் சேர்வரிலிருந்து அனுப்பினான். அந்தப் பரீட்சையில் அவன் நேர்மையாகவே சித்தியடைந்தான். கடிதத் தலைப்பில் எங்கள் பெயரை எழுதியதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அந்த ஒப்பீட்டைச் செய்வதுதான் மூன்றாவது வழியான டிமார்க். 2012இல் பெரிய மின்னஞ்சல் கம்பனிகள் சேர்ந்து இதை அறிமுகப்படுத்தின. 2015 மார்ச்சில் அது ஆர்.எஃப்.சி. 7489 என்ற இலக்கத்தில் வெளியானது. டிமார்க் கேட்பது எளிமையான கேள்வி. கடிதத் தலைப்பில் உள்ள பெயரும், உறையிலோ முத்திரையிலோ உள்ள பெயரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவையா? ஆம் என்றால் உள்ளே விடு. இல்லையென்றால் பெயரின் சொந்தக்காரர் பதிவேட்டில் எழுதி வைத்தபடி நட. அவர் மூன்றில் ஒன்றை எழுதலாம். ஒன்றும் செய்யாமல் எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு, சந்தேகக் கடிதமாக ஒதுக்கி வை, அல்லது அடியோடு திருப்பி விடு.

நன்றாக இருக்கிறது. ஆனால் 'ஒரே வீடு' என்பதை எப்படி முடிவு செய்வது? முழு விவகாரமும் இந்த ஒரு சொல்லில்தான் தங்கியிருக்கிறது.

வீடு எது, வீதி எது?

கடித உறையில் முகவரி எழுதும்போது சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகிறோம். இலக்கம், வீதி, கொழும்பு 12, இலங்கை. இணைய முகவரியும் அதே ஒழுங்குதான். 'பில்.கடை.கொம்.எல்கே' என்பதில் 'எல்கே' நாடு. 'கொம்' வீதி. 'கடை' எங்கள் வீடு. 'பில்' வீட்டுக்குள் ஓர் அறை.

மனிதர்களான நமக்கு இது பார்த்தவுடன் தெரிகிறது. இயந்திரத்துக்குத் தெரியாது. கடைசி இரண்டு சொல்லை எடுத்தால் வீடு கிடைத்துவிடும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்கக் கம்பனியின் 'டொட் கொம்' முகவரிக்குச் சரியாக வரும். நேரடியாக 'டொட் எல்கே' வாங்கியவருக்கும் சரியாக வரும். எங்களுக்கு வராது. எங்களுக்குக் கடைசி இரண்டு சொல் 'கொம்.எல்கே'. அது எங்கள் வீடல்ல, வீதி. அந்த வீதியை வீடு என்று இயந்திரம் எடுத்துக்கொண்டால், 'கொம்.எல்கே'யில் பெயர் வாங்கிய அத்தனை பேரும் ஒரே குடும்பம் ஆகிவிடுவார்கள். அதே வீதியில் ஒரு கள்வன் பெயர் வாங்கித் தன் முத்திரையைக் குத்தி, தலைப்பில் எங்கள் பெயரை எழுதி அனுப்பினால், "இரண்டும் ஒரே வீடுதான்" என்று சேர்வர் ஏற்றுக்கொள்ளும்.

கடைசி மூன்று சொல்லை எடு என்றும் விதி வைக்க முடியாது. அப்படி வைத்தால் நேரடி 'டொட் எல்கே' வைத்திருப்பவரின் ஒவ்வொரு அறையும் தனித்தனி வீடாகிவிடும். அவருடைய சொந்த பில்கள் அவருக்கே அந்நியமாகிப் போகும்.

இப்படி வீதி முடிந்து வீடு தொடங்கும் இடத்தில் உள்ள பெயரை 'நிறுவன டொமைன்' என்று அந்த ஆவணம் சொல்கிறது. எங்களுக்கு அது 'கடை.கொம்.எல்கே'. இந்தப் பெயரில் ஒரு கட்டளை எழுதப்பட்டிருந்தால், அதற்குக் கீழே உள்ள அறைகளுக்கும் அது செல்லும். இல்லாத அறைகளுக்கும் செல்லும். "எங்கள் பெயரில் முத்திரை பொருந்தாமல் வருவதைத் திருப்பி விடு" என்று நாங்கள் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தால், 'பில்' என்ற பொய் அறையிலிருந்து வந்த கடிதத்தைப் பெற்ற சேர்வர், அந்த அறையின் பெயரில் கட்டளை இல்லை என்று கண்டு, வீட்டுப் பெயருக்குப் போய்ப் பார்த்து, எங்கள் வரியை வாசித்து, கடிதத்தைத் திருப்பியிருக்கும். டிமார்க்கைப் பார்க்கும் சேர்வர்கள் பொதுவாக அப்படித்தான் செய்கின்றன. அந்த ஒரு வரி எங்களிடம் இருக்கவில்லை.

ஒரு பட்டியலை நம்பிய உலகம்

வீட்டுப் பெயரை சேர்வர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று மருமகனிடம் கேட்டேன். "ஒரு பட்டியல் இருக்குது மாமா" என்றார்.

உண்மைதான். ஃபயர்ஃபொக்ஸ் உலாவியை உருவாக்கிய மொஸில்லா தொடங்கிய பட்டியல் அது. உலகின் எந்தெந்தப் பெயர்கள் பொது வீதிகள் என்று வரிவரியாக ஆயிரக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. பொதுப் பின்னொட்டுப் பட்டியல் என்று சொல்லலாம். தன்னார்வலர்கள் அதைப் பராமரிக்கிறார்கள். மின்னஞ்சலுக்காக எழுதப்பட்டதும் அல்ல அது. உலாவிகள் நம் கணினியில் வைக்கும் குக்கி என்ற சிறு குறிப்பை, ஒரு கடைக்குரியதைப் பக்கத்துக் கடை வாசிக்காமல் தடுப்பதற்காக எழுதப்பட்டது. வீதியையும் வீட்டையும் பிரித்தறிய வேறு வழி இல்லாததால் டிமார்க்கும் அதையே கடன் வாங்கிக்கொண்டது.

அந்தப் பட்டியலில் இலங்கைக்கும் ஒரு பகுதி உண்டு. 'கொம்', 'நெட்', 'ஓர்க்', 'எடு', 'ஏசி', 'கவ்' ஆகியவற்றோடு 'லிமிட்டெட்' என்பதன் சுருக்கமும், 'ஹோட்டல்', 'வெப்' போன்றவையும் 'எல்கே'க்குக் கீழே பொது வீதிகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பழைய சோனகத் தெருக் கடையின் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதை உலகின் மூலைமுடுக்குச் சேர்வர்கள் எல்லாம் அந்தச் சில வரிகளைப் பார்த்தே அறிந்து வந்திருக்கின்றன. இதை அறிந்தபோது எனக்கு வியப்பும் பயமும் ஒன்றாக வந்தன.

சம்பளம் இல்லாமல் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வியாபாரியாக யோசித்தால் அதில் உள்ள குறை தெரியும். பட்டியலை ஒவ்வொரு சேர்வரும் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒன்று நேற்று எடுத்த பிரதியாக இருக்கும். இன்னொன்று பல வருடப் பழையதாக இருக்கும். ஒரு நாட்டில் புதிதாக ஒரு வீதி திறந்தால் புதுப் பிரதிக்காரருக்கு அது வீதி, பழைய பிரதிக்காரருக்கு அது வீடு. ஒரே கடிதத்துக்கு இரண்டு சேர்வர்கள் இரண்டு தீர்ப்புச் சொல்லும். எங்கள் கடையில் விலைப்பட்டியல் மாறிய பிறகும் பழைய பட்டியலை வைத்து பில் போட்ட விற்பனையாளரால் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

விதிவிலக்குகளும் உண்டு. ஜப்பானில் கவாசாகி என்ற நகரப் பெயருக்குக் கீழே வரும் ஒவ்வொரு பெயரும் ஒரு பொது வீதி என்று பட்டியல் சொல்கிறது. ஆனால் 'சிட்டி.கவாசாகி' மட்டும் நகரசபையின் சொந்த வீடு என்று தனியே விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்டவற்றை வெளியிலிருந்து பார்த்துக் கணிக்க எவராலும் முடியாது. உள்ளே இருப்பவர் சொன்னால்தான் தெரியும்.

படியேறிக் கேட்கும் முறை

இதனால்தான் இணையத்துக்கான தொழில்நுட்ப விதிகளை எழுதும் ஐ.ஈ.டி.எஃப். அமைப்பில் டிமார்க்கைத் திருத்தி எழுதிய குழு, பட்டியலைக் கைவிட்டு வேறு வழியை எடுத்தது. மரமேறுவது போன்ற முறை என்று பெயர். நான் இதைப் படியேறிக் கேட்பது என்கிறேன்.

'பில்.கடை.கொம்.எல்கே' என்று ஒரு கடிதம் வருகிறது. சேர்வர் முதலில் அந்த முழுப் பெயரின் கதவைத் தட்டி, "இங்கே டிமார்க் வரி உண்டா?" என்று டி.என்.எஸ்.ஸில் கேட்கும். பிறகு ஒரு படி மேலே 'கடை.கொம்.எல்கே'யில் கேட்கும். பிறகு 'கொம்.எல்கே', கடைசியாக 'எல்கே'. எவ்வளவு நீளமான பெயராக இருந்தாலும் 8 கேள்விக்கு மேல் கேட்கக்கூடாது என்று எல்லை வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் வேண்டுமென்றே நூறு சொல் நீளத்தில் முகவரி எழுதி சேர்வரை அலையவைக்க ஆட்கள் வருவார்கள்.

வரிகள் கிடைத்த பெயர்களில் ஆக மேலே உள்ளதே பொதுவாக வீடு. ஆனால் சொந்தக்காரர் தன் வரியில் 'பி.எஸ்.டி.' என்ற ஒரு குறியைச் சேர்க்கலாம். அதில் 'இல்லை' என்று எழுதினால், "இது வீதியல்ல, என் வீடு இங்கேதான் தொடங்குகிறது, இதற்கு மேலே போகாதே" என்று பொருள். 'ஆம்' என்று எழுதினால், "இது பொது வீதி, வீடு இதற்கு ஒரு படி கீழே" என்று பொருள்.

இந்த மாற்றம் சிறியதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லையைக் காட்டும் உரிமை பட்டியல் எழுதுபவரிடமிருந்து பெயரின் சொந்தக்காரரிடம் வருகிறது. காணி வாங்கியவர் தன் எல்லைக்கல்லைத் தானே நடுவது போல.

பெரிய நிறுவனங்களுக்கும் இது உதவும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பெயர் 'சிஎம்பி.ஏசி.எல்கே'. அதன் கணினிக் கல்வி நிறுவனத்துக்கு அதற்குக் கீழே 'யுசிஎஸ்சி' என்று தனிப் பெயர் உண்டு. பட்டியல் முறையில் இரண்டும் எப்போதும் ஒரே வீடுதான். படியேறும் முறையில், கீழே உள்ளவர் விரும்பினால் தன் எல்லைக்கல்லைத் தனியே நடலாம். கூட்டுக் குடும்பத்தில் தனிச் சமையல் வைப்பது போன்றது. வைப்பதும் வைக்காததும் அவர்கள் விருப்பம்.

ஆனால் உரிமை வந்தால் பொறுப்பும் வரும். நாங்கள் எங்கள் வரியில் எல்லையைக் குறிக்காமல் விட்டிருக்கும்போது, எங்களுக்கு மேலே உள்ள வீதியின் பெயரில் யாராவது ஒரு சாதாரண டிமார்க் வரியை, அது வீதி என்ற குறி இல்லாமல் எழுதிவிட்டால், ஆக மேலே உள்ள பெயர் அதுதான் என்று சேர்வர் எடுத்துக்கொள்ளும். மறுபடியும் முழு வீதியும் ஒரே வீடாகிவிடும். ஆகவே நாட்டுப் பெயர்களைப் பராமரிக்கும் பதிவகங்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். நாமும் அவர்களை மட்டும் நம்பியிராமல் 'வீடு இதுதான்' என்ற குறியை நம் வரியில் எழுதி வைப்பது நல்லது. வாடகைக் கடையாக இருந்தாலும் பூட்டு நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்.

வீதிக்குப் பொறுப்பானவர்கள் விழிப்பாக இருந்தால் நன்மையும் உண்டு. 2018இல் பிரித்தானியாவில் ஒரு விமான நிலையத்தின் பெயரைச் சொல்லி, 'கவ்.யுகே' என்ற அரச முகவரியின் கீழ் இல்லவே இல்லாத ஒரு பெயரிலிருந்து சுமார் இரண்டு இலட்சம் பேருக்கு மோசடிக் கடிதம் அனுப்பப் பார்த்தார்கள். அந்நாட்டின் தேசிய இணையப் பாதுகாப்பு மையத்தின் ஏற்பாட்டால் அவை பெறுநர்களைச் சென்றடையவில்லை. இல்லாத பெயர்களுக்கும் மேலிருந்து கட்டளை இட ஒரு வழி 2021இல் ஆர்.எஃப்.சி. 9091 என்று எழுதப்பட்டது. எங்கள் 'பில்' கதைக்கும் அந்த விமான நிலையக் கதைக்கும் வித்தியாசம் தொகையில் மட்டுமே.

"இதெல்லாம் பெரிய ஆட்களுக்கு"

புறக்கோட்டையில் நண்பர்களிடம் இதைச் சொன்னால் இந்தப் பதில்தான் வருகிறது. நான் உடன்படவில்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2023இல் கிடைத்த முறைப்பாடுகளின்படி, வியாபார மின்னஞ்சலை வைத்துச் செய்த மோசடிகளின் இழப்பு மட்டும் 290 கோடி டொலர். அதில் வெறும் பெரிய கம்பனிகள் மட்டும் இல்லை. பெரிய கம்பனியில் பணம் அனுப்ப நான்கு கையெழுத்து வேண்டும். நம் கடையில் முதலாளியின் தலையசைப்புப் போதும். கள்வனுக்கு எது இலகு என்று யோசித்துப் பாருங்கள்.

மேலும் கூகிளும் யாஹூவும் 2024 பெப்ரவரியிலிருந்து மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புபவர்களிடம் டிமார்க் வரியைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர் கூகிளின் கணக்கில் மொத்த அனுப்புநர். 2025 மே மாதத்திலிருந்து மைக்ரோசொஃப்டும் இதே வழிக்கு வந்தது. இன்று மொத்த வியாபாரிக்குக் கேட்பதை நாளை சில்லறை வியாபாரிக்கும் கேட்பார்கள்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பின்பற்ற விரும்புவோர் பின்பற்றலாம்.

முதலாவது, பெயர் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தோம். அதிர்ச்சி! எங்கள் கடையின் இணையப் பெயர் இணையத்தளம் செய்து தந்தவரின் பெயரில் பதிவாகியிருந்தது. அதை எங்கள் பெயருக்கு மாற்றவே ஒரு மாதம் போனது. வாசகர்களே, இன்றே உங்கள் பெயரைப் பாருங்கள். உறுதி அடுத்தவர் பெயரில் இருக்கும் காணியில் எல்லைக்கல் நட்டுப் பயனில்லை.

இரண்டாவது, எடுத்தவுடன் "திருப்பி விடு" என்று எழுதவில்லை. அறிக்கை மட்டும் கேட்டோம். பெரிய சேர்வர்கள் எங்கள் பெயரில் யார் யார் கடிதம் அனுப்புகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் அறிக்கை அனுப்பின. அதைப் பார்த்தால் கள்வனைவிட எங்கள் ஆட்களே அதிகம் பிடிபட்டார்கள்! பில் போடும் சொஃப்ட்வெயார் வெளிநாட்டுச் சேர்வரிலிருந்து எங்கள் முத்திரை இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. இணையத்தளத்தில் உள்ள விசாரணைப் படிவமும் அப்படியே. அவசரப்பட்டிருந்தால் எங்கள் சொந்த பில்களே திரும்பியிருக்கும். ஒவ்வொன்றையும் சரிசெய்ய மூன்று மாதம் பிடித்தது. அதன் பிறகு "ஒதுக்கி வை" என்றோம். வருடக் கடைசியில்தான் "திருப்பி விடு" என்று எழுதினோம்.

மூன்றாவது, எங்களிடம் இருந்த மற்றப் பெயர். 'கடை.எல்கே' என்றும் ஒன்று வாங்கி வைத்திருந்தோம், பாவிக்கவில்லை. எழுத்தில் அண்ணன் தம்பி போல இருந்தாலும் அது வேறு வீதியில் உள்ள வேறு வீடு. இங்கே எழுதிய வரி அங்கே செல்லாது. அதிலிருந்து எந்த மின்னஞ்சலும் வராது என்று தனியாக எழுதி வைத்தோம். பூட்டிக் கிடக்கும் வீட்டைத்தான் கள்வன் முதலில் பார்ப்பான்.

இந்த வரிகளுக்குப் பெயர்ப் பதிவேட்டில் தனிக் கட்டணம் எதுவும் எங்களிடம் கேட்கப்படவில்லை. தேவைப்பட்டது பொறுமையும் ஒரு விடயம் தெரிந்த பிள்ளையும்தான்.

இதுவும் எல்லாவற்றையும் தடுக்காது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ஓர் எழுத்தை மாற்றி எங்களைப் போன்ற இன்னொரு பெயரை வாங்கி அனுப்பினால் டிமார்க் ஒன்றும் செய்யாது. அது வேறு வீடு, அந்த வீட்டின் முத்திரை சரியாகவே இருக்கும். கணக்காளரின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே இருந்தே அனுப்பினாலும் அப்படித்தான். அங்கே மனிதக் கண்தான் காவல். 2016இல் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைத் திருடியவர்கள் இலங்கையில் உள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு இரண்டு கோடி டொலரை அனுப்பியபோது, பெயரில் இருந்த எழுத்துப் பிழையைக் கவனித்த ஒரு வங்கி கேள்வி கேட்டதால்தான் அந்தப் பணம் தப்பியது.

சங்கங்களும் பதிவகமும்

வியாபாரச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பெறுமதி சேர் வரி மாறினால் கருத்தரங்கு வைக்கிறோம். சுங்க விதி மாறினால் அமைச்சரைச் சந்திக்கிறோம். அங்கத்தவர்களின் பெயர் இணையத்தில் வேலியில்லாமல் கிடப்பதற்கும் ஒரு பின்னேரம் ஒதுக்கலாம். 'கொம்.எல்கே' போன்ற வீதிகள் வீதிகள்தான் என்பதைப் புதிய முறையிலும் தெளிவாகக் குறித்து வைக்குமாறு நம் நாட்டுப் பதிவகத்திடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். பெயர் விற்கும்போதே டிமார்க் வரியைப் பற்றி இரண்டு வார்த்தை வாங்குபவருக்குச் சொல்லும்படியும் கேட்கலாம். பூட்டு விற்கும்போது சாவி எப்படிப் போடுவது என்று நாங்கள் காட்டித்தானே கொடுக்கிறோம்.

கடைசியாக அந்த ஆறு இலட்சத்து நாற்பதாயிரம். சட்டப்படி நாங்கள் பொறுப்பில்லை என்று சிலர் சொன்னார்கள். அவர் போன் செய்து கேட்டிருக்கலாம் என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் நம்பியது எங்கள் பெயரை. அந்தப் பெயருக்கு வேலி போடாமல் விட்டது நாங்கள். அதனால் பாதியை நாங்கள் ஏற்றுக்கொண்டு, மூன்று இலட்சத்து இருபதாயிரத்தை அவருடைய பாக்கியிலிருந்து கழித்தோம். அவர் முதலில் மறுத்தார், பிறகு ஏற்றுக்கொண்டார். மிச்சப் பாதி அவர் தலையில்தான் விழுந்தது. பிள்ளையின் கலியாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த காசிலிருந்து அதைக் கட்டினார் என்று பிறகுதான் அறிந்தேன்.

இன்றும் எங்களிடம்தான் சாமான் எடுக்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் பணம் போடுவதற்கு முன் எனக்கு அழைத்து, கணக்கு இலக்கத்தின் கடைசி நான்கு எண்களைச் சொல்லச் சொல்வார். நானும் சொல்வேன். இருபது வருடம் கேட்காமல் போட்டவர் அவர்.